முகமூடி கோணினால், வெடித்தால், செத்த முகமாக இருந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்குக் காலைல பார்த்தா இப்படி" என்று, செய்து முடித்த முகமூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய. கற்றுக்கொள்ள வருகிறவர்களைவிட இவர்கள்தான் அதிகம். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: கோளாறு முகத்தில் தெரியும், காரணம் பெரும்பாலும் முதுகில் இருக்கும். அதனால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் முகமூடியைக் கவிழ்த்துப் பாருங்கள். கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை அதுதான்.

கவிழ்த்ததும் மூன்று சோதனை. உள்பக்கத்தை நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் ஈரம் போகவில்லை. மோந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் பசை கெட ஆரம்பித்துவிட்டது. விரலால் சுண்டுங்கள், காய்ந்த காகிதம் ஓடு மாதிரி 'டக்' என்னும், ஈரக் காகிதம் 'தொப்' என்னும். இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். காய்ந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்த ஒரு முகமூடி முதல் நாள் 212 கிராம் இருந்தது. மறுநாள் 198. அடுத்த நாள் 193. நான்காம் நாளும் 193. எடை தொடர்ந்து இரண்டு முறை மாறாமல் நின்றால்தான் அடுத்த வேலை.

இங்கே பேசுவது பெரும்பாலும் அச்சின்மேல் காகிதமும் பசையும் ஒட்டிச் செய்கிற முகமூடியைப் பற்றி. மரமுகமூடிக்கு வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

## அச்சை விட்டு வர மறுக்கிறது

ஓரம் ஒட்டியிருக்கிறதா? மழுங்கலான குச்சி ஒன்றை ஓரத்தில் விட்டுச் சுற்றிவாருங்கள். கத்தி வேண்டாம், அச்சும் போகும் முகமூடியும் போகும். பாதிக்கு மேல் இதிலேயே கழன்றுவிடும்.

ஓரம் விட்டுவிட்டது, நடுவில் பிடிக்கிறது. அப்படியென்றால் அச்சில் உள்வளைவு இருக்கிறது. மூக்குத் துளை, தாடைக்கு அடிப்பக்கம், வளைந்த கொம்பு ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். களிமண் அச்சென்றால் பின்னாலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். பிளாஸ்டர் அச்சென்றால் முகமூடியைக் காதோரமாகக் கீறித் திறந்து எடுத்து, பிறகு கீறலைக் காகிதத் துண்டுகளால் உள்ளும் புறமும் ஒட்டிவிடுங்கள். கீறலுக்குப் பயப்படவே வேண்டாம். ஒட்டிய இடம் பழைய இடத்தைவிடக் கெட்டியாக இருக்கும்.

மொத்தமாக ஒட்டியிருக்கிறது. அச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவே எதுவும் இடவில்லை. அடுத்த முறைக்கு: மேற்கு வங்கத்தில் புருலியா மாவட்டத்துச் சரிதா கிராமத்தில் சௌ நடன முகமூடி செய்கிறவர்கள் களிமண் முகத்தின்மேல் சாம்பலைத் தூவிவிட்டுத்தான் காகிதம் ஒட்டத் தொடங்குகிறார்கள். 8 முதல் 10 அடுக்கு போட்டாலும் அந்தச் சாம்பல் படலத்தால் முகம் கழன்று வந்துவிடும். வாசலினும் வேலை செய்யும். ஆனால் மொத்தையாகப் பூசினால் அந்த எண்ணெய் பின்னால் பெயிண்டை உரிய வைக்கும். சாம்பலுக்கு அந்த வினை கிடையாது.

எப்போது ஆளை அழைப்பது: உயிருள்ள ஆளின் முகத்தில் அச்செடுக்க நினைத்தால் முதலிலேயே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும். கனமாகப் பூசினால் தோல் வெந்துபோகும் அளவுக்கு. மூச்சு விஷயம் தனி. சினிமா ஒப்பனையில் முகஅச்சு எடுத்துப் பழகியவர் பக்கத்தில் நிற்காமல் இதைத் தொடாதீர்கள்.

## காய்ந்த பிறகு கோணிவிட்டது

அதிகமாக வருகிற புகார் இது. கோணல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுப் பிரிந்து போங்கள்.

### இரண்டு பக்க ஓரமும் உள்வாங்கி, முகம் ஒடுங்கிவிட்டது

அவசரமாக அச்சிலிருந்து எடுத்திருப்பீர்கள். காகிதம் காயும்போது சுருங்கும். அச்சு உள்ளே இருந்தால் அது தாங்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் ஓரங்கள் ஒன்றையொன்று பார்த்து வளையும்.

சரிசெய்ய: உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றுங்கள், நனைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் தோல் மாதிரி இளகும். திரும்ப அச்சில் ஏற்றி, அகலமான துணிப்பட்டையால் சுற்றிக் கட்டி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். களிமண் அச்சைத் தோண்டி எறிந்துவிட்டீர்களா? கசக்கிய காகிதத்தை உள்ளே அடைத்து, இரண்டு கன்னங்களுக்கும் நடுவே ஒரு மூங்கில் குச்சியை முட்டுக்கொடுத்துக் காயவையுங்கள். குச்சியின் இரண்டு முனையிலும் அட்டைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் கன்னத்தில் குழி விழும்.

### ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டது

முகமூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்தை விடுகிறது, மற்றது விடவில்லை என்றால் அடுக்கு சமமாக இல்லை. மெல்லிய பக்கத்தில் உள்பக்கமாக இரண்டு அடுக்கு கூட்டுங்கள். இனிமேல் செய்யும்போது ஓர் அடுக்குக்குச் செய்தித்தாள், அடுத்ததற்குப் பழுப்புக் காகிதம் என மாற்றி மாற்றிப் போட்டால், விட்ட இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும், மற்ற திசையில் கன்னாபின்னாவென்று கிழியும். காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. எல்லாத் துண்டையும் ஒரே ஓட்டத்தில் ஒட்டினால் முகம் முழுக்க ஒரே பக்கமாக இழுபடும். ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்தது குறுக்கு.

### பெயிண்ட் அடித்த பிறகு கோணியது

முன்பக்கம் மட்டும் பட்டியும் (சாக் பவுடரும் கோந்தும் கலந்த அடிப்பூச்சு) பெயிண்டும் வார்னிஷும் வாங்கியிருக்கும், முதுகு பச்சைக் காகிதமாகவே இருக்கும். மழைநாளில் முதுகு ஈரத்தைக் குடித்து உப்பும், முன்பக்கம் அசையாது. முதுகுக்கும் ஒரு கை வெள்ளைக் கோந்து, ஒரு கை பெயிண்ட் அடித்துவிடுங்கள். இலேசான கோணல் சில நாளில் தானே திரும்பும்.

### எதற்கும் மசியவில்லை

ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் முக்கோணமாகக் கீறி, வேண்டிய பக்கம் விரித்தோ ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியோ ஒட்டி, ஓரம் நெடுகக் கம்பி ஒன்றைக் காகிதத்துக்குள் வைத்து மூடுங்கள். கம்பி அலுமினியமாகவோ செம்பாகவோ இருக்கட்டும். சாதா இரும்புக் கம்பியின் துரு நாலு மாதம் கழித்துக் கன்னத்தில் மச்சமாக வந்து நிற்கும். இதுவும் பலிக்காவிட்டால் தலைமுழுகிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கோணலோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

## வாடை, கரும்புள்ளி, பூஞ்சணம்

மைதாப் பசை போட்டவர்களுக்கே இது வரும். ஒரே மூச்சில் ஐந்தாறு அடுக்கு ஒட்டியிருப்பார்கள். மேலடுக்கு காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே பசை புளிக்கும். ஹேர் டிரையர் வைத்து அவசரப்படுத்தினால் இன்னும் மோசம், தோலை மட்டும் காயவைத்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

புள்ளி மேலாக இருந்தால் உலரவைத்து, வாயையும் மூக்கையும் மூடும் கவசம் போட்டுக்கொண்டு, வெளியிடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் ஆவி அடங்கும்வரை பக்கத்தில் தீ கூடாது. நகம் அழுத்தினால் உள்ளே போகிற இடம் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப்போடுங்கள். முழுக்கப் பரவியிருந்தால் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. முக்கியமாக, அணியப்போகிற முகமூடி என்றால் யோசிக்கவே வேண்டாம், மூக்கை அதற்குள்தான் வைக்கப்போகிறீர்கள்.

பசையில் மயில்துத்தம் சேர்த்தால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது என்பது பழைய கைமுறை. உண்மைதான், ஆனால் அது நஞ்சு. சுவரில் மட்டும் மாட்டுவதற்குக்கூட நான் இப்போது சேர்ப்பதில்லை. இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி ஒரு நாள் காயவிட்டு அடுத்ததை ஒட்டினால் மருந்தே தேவைப்படாது.

## மேற்பூச்சு வெடிக்கிறது, உரிகிறது

வெடிப்பை அருகில் வைத்துப் பாருங்கள். அதன் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

வறண்ட குளத்து மண் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். பட்டியைக் கனமாக ஒரே தடவையில் பூசிவிட்டீர்கள், அல்லது பட்டியில் சாக் பவுடர் அதிகம், கோந்து குறைவு. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டுகிறதா? கோந்து குறைவு. ஒட்டவில்லை, ஆனால் வெடிப்பு ஆழமாக இருக்கிறதா? கனம் அதிகம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: 120 எண் உப்புத்தாளால் தளர்ந்ததை எல்லாம் எடுத்து, நீர்த்த கோந்து ஒரு கை பூசிக் காயவைத்து, பிரஷ்ஷிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் பதத்தில் மெல்லிய பட்டியை நாலைந்து கை பூசுங்கள். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிக்கு 220, பிறகு 400.

ஜப்பானின் 'நோ' என்னும் பழைய நாடகத்து முகமூடியின் அந்தத் தோல் போன்ற வெண்மை இப்படிக் கை மேல் கை பூசி வந்ததுதான். ஹினோகி மரத்தில் செதுக்கிய முகத்தின்மேல் சிப்பியோட்டுப் பொடியையும் வஜ்ஜிரப் பசையையும் கலந்து அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். ஒரே கையில் அந்த வழவழப்பு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் வறண்ட குளம்தான் மிஞ்சும்.

மேலடுக்கு மட்டும் சுருண்டு உரிகிறது. அடியில் பலம் குறைந்த கோந்து, மேலே பலமான கோந்து. காயும்போது மேலிருப்பது கீழிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் கோந்து அதிகம், மேலே போகப்போகக் குறைவு என்பது வரிசை. எனாமல் மேல் அக்ரிலிக் அடித்திருந்தாலும் இதே கதைதான்; எனாமலை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அதன்மேல் எதுவும் நிற்காது.

திட்டுத் திட்டாகப் பெயிண்ட் பிடிக்கவே இல்லை. எண்ணெய். அச்சுக்குத் தடவிய வாசலினோ கைப்பிசுக்கோ காகிதத்தில் ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்டு, அரக்கு கரைத்த பிரெஞ்சு பாலிஷ் ஒரு கை அடித்தால் அடைபடும்.

நீளமான ஒற்றைக் கோடு, கொம்பின் அடியிலோ மூக்கின் பக்கத்திலோ. பூச்சின் மேல் பழி போடாதீர்கள். கொம்பைப் பிடித்து இலேசாக ஆட்டுங்கள், ஆடும். பின்னால் திருப்பி, இணைப்பில் துணிப்பட்டையைக் கோந்தில் தோய்த்து ஒட்டிக் காயவைத்த பிறகுதான் முன்பக்கக் கோட்டைத் தொட வேண்டும். ஒருவர் மூன்று முறை முன்பக்கம் பட்டி பார்த்துப் பார்த்து, கொம்பின் அடி கழுத்துவீக்கம் மாதிரி ஆகியிருந்தது. ஆட்டிப் பார்க்கவே இல்லை.

வெடிப்பில்லை, ஆனால் வெள்ளையில் மஞ்சள் கறை எழும்புகிறது. அடியிலிருக்கும் பழுப்பு அட்டையின் சாயம். மேலே எத்தனை கை வெள்ளை அடித்தாலும் ஏறிவரும். இதற்கும் அரக்குதான் தடை.

மரமுகமூடியில் மேலிருந்து கீழாக வெடிப்பு. பச்சை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். வெடிப்பு வளர்வது நிற்கும்வரை விடுங்கள்; மாதக்கணக்கில்கூட ஆகலாம். நின்றபின் அதே மரத்தின் மெல்லிய சீவலைக் கோந்தோடு சொருகி மட்டம் செய்யலாம். வெடிப்பு முழு நீளத்துக்கும் ஓடி இரண்டாகப் பிளக்கும்போல் இருந்தால் தச்சரிடம் போங்கள்.

## வார்னிஷ் புகைபிடித்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது

மழைநாளில் ஸ்பிரே லாக்கர் அடித்தீர்களா? காற்றின் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டது. வெயில் வந்த நாளில் அதே லாக்கரை மிக மெல்லிதாக, தூரத்திலிருந்து ஒரு வீச்சு அடித்தால் பழைய படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளியும். தெளியவில்லை என்றால் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறவரிடம் கொடுங்கள். அவருக்கு இது தினசரி வேலை, எந்தத் தின்னர் என்று கண்ணாலேயே சொல்வார்.

மங்கல் வார்னிஷை டப்பாவில் கலக்காமல் அடித்தாலும், ஒரே கையில் கனமாக அடித்தாலும் வெள்ளைப் படலம் தேங்கும். மார்க்கர் பேனாவால் போட்ட கோடு வார்னிஷில் கரைந்து ஓடினால் அதை மீட்க வழியில்லை, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். இனி எதை அடிப்பதற்கு முன்னாலும் முதுகில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். முதுகு அதற்கும் உதவும்.

## எல்லாம் சரி, ஆனால் முகம் செத்துக் கிடக்கிறது

கோணல் இல்லை, வெடிப்பில்லை, நிறமும் பிசகவில்லை. ஆனாலும் பார்த்தால் பொம்மைக் கடை முகம். சொல்லத் தெரியாமல் "என்னமோ குறையுது" என்பார்கள்.

முதலில் விளக்கை மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை. இருட்டறையில் செல்போன் டார்ச்சை மேலே, பக்கவாட்டில், கீழே என நகர்த்துங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் முகம் உயிர் பெற்றால் செதுக்கலில் கோளாறில்லை, மாட்டிய இடம்தான் தவறு. நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சம் எந்த முகத்தையும் தட்டையாக்கிவிடும்.

சாய்த்துப் பாருங்கள். நோ முகமூடியைச் சற்றே மேல்நோக்கிச் சாய்ப்பதை 'தெராஸு', ஒளிரச் செய்தல் என்பார்கள். கீழ்நோக்கிக் குனிப்பதை 'குமோராஸு', மேகம் கவியச் செய்தல். அசையாத ஒரே மரமுகம் சிரிப்பதும் வாடுவதும் இந்தச் சாய்வில்தான். கொரியாவின் ஹாஹோ முகமூடிகளில் யாங்பான் எனும் பிரபுவின் முகம் தலையை நிமிர்த்தினால் வாய்விட்டுச் சிரிக்கும், குனிந்தால் முறைக்கும். தாடை தனித்துண்டாகக் கயிற்றில் கட்டப்பட்டிருப்பதுதான் சூட்சுமம். உங்கள் முகமூடி எந்தச் சாய்விலும் ஒரே மாதிரி இருந்தால் ஆழம் போதவில்லை. கண்குழிவையும் உதட்டோரத்தையும் இன்னும் உள்ளே தள்ளுங்கள். காகிதக்கூழை மேட்டில் ஏற்றுவதும் பள்ளத்தை ஆழமாக்குவதும் பலனில் ஒன்றுதான். புருவ மேட்டை 5 மில்லிமீட்டர் கூட்டினாலே நிழல் விழும்.

இரண்டு பாதியும் அச்சடித்த மாதிரி இருக்கிறதா? காகிதத்தை மடித்து வெட்டிச் செய்கிறவர்களுக்கு வரும் வியாதி. நோ முகமூடிகளின் இரண்டு பாதிகளும் நுணுக்கமாக வேறுபடும். ஒரு புருவத்தை ஒரு நூல் ஏற்றுங்கள், ஓர் உதட்டோரத்தை இறக்குங்கள். அளந்தால் தெரிய வேண்டும், பார்த்தால் தெரியக் கூடாது. அளவு மிஞ்சினால் முகம் வாதம் வந்ததுபோல ஆகிவிடும், அதையும் நான் செய்திருக்கிறேன்.

கண். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். லைபீரியா, கோட் டிவார் பகுதியில் வாழும் டான் மக்களின் முகமூடிகளில் ஒடுங்கிய, பாதி மூடிய கண் இருந்தால் சாந்தம். அதே வழவழப்பான முகத்தில் வட்டமான ஓட்டைக்கண் இருந்தால் அது ஓடித் துரத்துகிறவனின் முகம். வட்டக்கண் பார்வைக்கும் வசதி. முகத்தின் மற்ற பாகம் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறி ஆளே மாறிவிடுகிறான். அதனால் உதட்டையும் மூக்கையும் நோண்டுவதற்கு முன், கறுப்புக் காகிதத்தில் நாலைந்து கண் வடிவம் வெட்டி முகமூடியின்மேல் வைத்து வைத்துப் பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும், கையில் வைத்துக்கொண்டு இல்லை.

பளபளப்பு. கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷ் நிழல்களை எல்லாம் தின்றுவிடும். 400 எண் தாளால் இலேசாகத் தேய்த்து மங்கல் வார்னிஷ் அடியுங்கள். கண்ணிலும் உதட்டிலும் மட்டும் பளபளப்பை விடலாம்.

## ஏழு ஊர் முகம் கலந்து கதம்பமாகிவிட்டது

ஆப்பிரிக்க நெற்றி, பாலித் தீவின் பல், வெனிஸ் தங்க ஓரம், இலங்கை நாகம். தனித்தனியாக ஒவ்வொன்றும் அழகு. சேர்த்தால் யாருடைய முகமும் இல்லை.

சோதனை: முகமூடியைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். எது கண், எது வாய் என்று அப்போதும் தெரிந்தால் வடிவம் பிழைத்திருக்கிறது, நிறம்தான் இரைச்சல். பாதி நிறத்தைக் கழியுங்கள். தெரியாவிட்டால் வடிவமே மோதுகிறது.

வடிவம் மோதினால் நான் வைத்திருக்கும் கணக்கு: எலும்பு ஒரே மரபிலிருந்து. அதாவது முகத்தின் வெளிக்கோடு, கண் இருக்கும் உயரம், மூக்கின் நீளம் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மேல்தோலின் கோலம் உங்கள் சொந்தக் கற்பனை. இரண்டாவது மரபிலிருந்து ஒரே ஒரு விஷயம், அதுவும் முழுதாக. ஆப்பிரிக்க நாடான காபோனில் வாழும் புனு மக்களின் முகமூடியை எடுங்கள்: வெண்களிமண் பூசிய அமைதியான முகம், கீற்றுக்கண், உயர்ந்த கொண்டை. இதன்மேல் இலங்கை நாகராட்சச முகமூடியின் படமெடுத்த நாகங்களைக் கொண்டையிடத்தில் வைத்தால் நிற்கும், ஏனென்றால் இரண்டும் தலைக்கு மேலே உயர்கின்றன. அதே முகத்தில் நாகராட்சசனின் பிதுங்கிய கண்ணையும் தொங்கும் நாக்கையும் வைத்தால் புனுவின் அமைதி போயிற்று, ராட்சசனின் ஆர்ப்பாட்டமும் வராது. பிதுங்கிய கண்ணை உளியால் எடுத்துவிட்டு மூடிய இமையை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

நிறத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சீனப் பீக்கிங் நாடக முக ஒப்பனையில் சிவப்பு விசுவாசத்துக்கு, பழஞ்சீனத் தளபதி குவான் யூவின் முகம் அது. வெள்ளை சூழ்ச்சிக்கு, அதே காலத்து ஆட்சியாளர் சாவ் சாவின் முகம். தூய்மை என்று நினைத்து வெள்ளை பூசிய வீரனை அந்த மரபு தெரிந்தவர் நயவஞ்சகனாகத்தான் படிப்பார். ஒரு மரபின் வடிவத்தை எடுத்தால் அங்கே நிறம் என்ன பேசுகிறது என்று பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

## "இதைச் சுவரில் மாட்டலாமா?" என்று யாரோ முகம் சுளிக்கிறார்கள்

பட்டியும் உப்புத்தாளும் இங்கே உதவாது. காரணங்களை இலேசானதிலிருந்து பாருங்கள்.

பெயர்ப் பலகை தவறாக இருக்கலாம். நீங்களே கற்பனையில் செய்ததை 'ஆப்பிரிக்க முகமூடி' என்று எழுதியிருப்பீர்கள். அது ஒரு கண்டம். எந்த மக்களின் எந்த முகத்தைப் பார்த்து உந்துதல் வந்தது என்று எழுதுங்கள், இது உங்கள் ஆக்கம் என்றும் எழுதுங்கள்.

அல்லது, அது அலங்காரப் பொருளே இல்லாத முகமாக இருக்கலாம். வட அமெரிக்காவின் ஹௌடனோசௌனி மக்கள் தங்கள் மருத்துவ முகமூடிகளை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ நகல் செய்யவோ கூடாதென்று 1995இல் தங்கள் பெருமன்றத்தின் வழியாகவே அறிவித்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி மக்களின் புனித முகமூடிகள் 2013இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது அவர்கள் எதிர்த்தது உலகச் செய்தியானது. நமக்கு இது புரியாத விஷயமில்லை. மெலட்டூர் பாகவத மேளாவின் நரசிம்மர் முகமூடி பூசையில் இருக்கிறது; அதை ஒருவர் அச்செடுத்து வரவேற்பறையில் மாட்டினால் நமக்கு என்ன தோன்றும்? இந்த வகை என்றால் கழற்றிவிடுங்கள், வடிவத்தை மாற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

ஐயமாக இருந்தால் அந்த மரபைச் சேர்ந்த கலைஞரிடமோ, அருங்காட்சியகத்தில் அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொள்பவரிடமோ கேளுங்கள். செய்வதற்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது. நோ, வெனிஸ் போன்ற மரபுகளில் வீட்டில் மாட்டவே முகமூடி செய்து விற்கிறார்கள். தொடங்குகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

## போட்டுக்கொள்ள முடியவில்லை

கயிற்றுத் துளை கிழிகிறதென்றால் உள்பக்கம் தோல் துண்டோ கான்வாஸோ ஒட்டி, அதன் வழியாகத் துளை போடுங்கள். துளை கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் கயிறு காதுக்கு மேலாகப் போய் நழுவாது. உலோக வளையம் அடிக்க வேண்டுமானால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை. நீங்கள் சுத்தியலால் அடித்தால் காது பிளக்கும்.

மூக்கில் அழுத்தினால் நெற்றியிலும் கன்னத்திலும் ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டி முகமூடியை முகத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள். மூச்சுத் திணறினால் மூக்குத் துளையைப் பெரிதாக்குவதைவிட, தாடைக்கு அடியில் இடைவெளி விடுவது மேல். வெனிஸின் பௌத்தா முகமூடி அப்படித்தான்: கீழ்ப்பகுதி முன்னால் நீண்டு நிற்பதால் அதைக் கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம், குரல்கூட மாறிக் கேட்கும். அதே ஊரின் மொரெத்தாவோ நேர்மாறு. கயிறே கிடையாது, உள்ளே இருக்கும் பொத்தானைப் பெண்கள் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேச்சு நின்றுவிடும். அதை யாரும் முயல வேண்டாம்.

கால் தெரியாமல் படியில் இறங்க நேரும் என்றால் அந்த முகமூடி போட்டுக்கொள்ள அல்ல, சுவருக்கு.

## சுவரில் நிற்காமல் தலைகுனிகிறது

முதுகில் மாட்டும் வளையம் தாழ்வாக இருக்கிறது. உள்பக்கம் நெற்றிக்கு மேலே கொண்டுபோங்கள். அப்போதும் குனிந்தால் கொம்போ மூக்கோ முன்னால் கனக்கிறது; தாடையின் பின்னால் ஒரு சின்னக் கட்டையை வைத்துத் தாடையைச் சுவரிலிருந்து தள்ளினால் குனிவு குறையும். இரண்டு ஆணியில் இரண்டு வளையம் மாட்டினால் பக்கவாட்டில் சுற்றுவது நிற்கும். கனமான மரமுகமூடி, சுவரோ பூச்சு உதிர்கிற சுவர் என்றால், டிரில் வைத்திருப்பவரைக் கூப்பிட்டுத் திருகாணி போடச் சொல்லுங்கள்.

## சின்னத் துளைகள், கீழே மாவு

காகித முகமூடியில் ஓரம் அரிக்கப்பட்டு மேல்தோல் சுரண்டியதுபோல் இருந்தால் வெள்ளிப்பூச்சி அல்லது கரப்பான், பசைக்காக வந்தவை. முதுகைத் துடைத்து, கோந்துப் பூச்சு கொடுத்து, சுவரிலிருந்து விரலளவு தள்ளி மாட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் இருட்டும் ஈரமும் தேங்காவிட்டால் திரும்ப வராது.

மரமுகமூடியில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகளும் கீழே மாவும் இருந்தால் மரவண்டு. உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் வெள்ளைத் தாளை விரித்து ஒரு மாதம் விடுங்கள். புது மாவும் புதுத் துளையும் இல்லையென்றால் பழைய கதை, அடைத்துவிட்டுப் போகலாம். இருந்தால், அதை மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். நீங்களே செய்த, பெயிண்ட் அடிக்காத முகமூடி என்றால் அந்த உறையோடு வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் மட்டும் உறையைப் பிரியுங்கள். பெயிண்ட் அடித்ததை இப்படிக் குளிரில் வைத்தால் மேற்பூச்சு வெடிக்க வாய்ப்பு உண்டு.

பழைய முகமூடி, யாரோ கொடுத்தது, சேகரிப்பிலிருந்து வாங்கியது என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சேகரிப்புகளில் பூச்சி வராமலிருக்க ஒரு காலத்தில் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசியிருக்கிறார்கள். கையுறை போட்டு எடுத்து, உறையில் வைத்து, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். உறையில் கட்டுவதற்கு முன் முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் அவர் கேட்பது முதுகுப் படத்தைத்தான்.